சாவி ஆடுபவர் கையில் இருக்கலாமா?

தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் ஒரு விதி போட்டது. பணம் கட்டி ஆடும் எந்த இணைய விளையாட்டும் நள்ளிரவு 12 மணியிலிருந்து விடிகாலை 5 மணி வரை நடக்கக் கூடாது. நிறுவனங்கள் கொதித்துப்போய் உயர் நீதிமன்றத்துக்கு ஓடின. வயது வந்த ஒருவர் தன் காசில், தன் வீட்டில் உட்கார்ந்து, தன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஆடினால் அரசுக்கு என்ன வந்தது என்பதுதான், சட்ட மொழியை உரித்துவிட்டுப் பார்த்தால், அவர்களுடைய வாதம்.

அந்த ஐந்து மணி நேரத்தில் யார் விழித்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள சென்னையின் மேற்குப் புறநகர் போதும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் செகண்ட் ஷிப்ட் முடித்துவிட்டு, பட்டரவாக்கத்திலோ அம்பத்தூரிலோ மின்சார ரயில் பிடித்து, ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் என்று போய்ச் சேருகிறவர்கள் வீட்டில் அதற்குள் விளக்கு அணைந்திருக்கும். பூந்தமல்லி, திருமழிசைப் பக்கம் குடியிருந்துகொண்டு ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்கும் இதே கதை. பழைய லேத் பட்டறைகளுக்கு நடுவே எழும்பிய ஐ.டி. கட்டடங்களில் அமெரிக்காவின் பகலுக்காக விழித்திருக்கும் கால் சென்டர் பிள்ளைகள் வேறு. ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் உடனே தூக்கம் வராது. மெஷின் சத்தம் காதில் ஓடிக்கொண்டே இருக்கும். கையில் போன். சம்பளம் வந்து விழுவது அந்தப் போனில். கடன் கிடைப்பதும் அதே போனில். சீட்டுக்கட்டும் அதற்குள்ளேயே வந்துவிட்டால் கேட்க வேண்டுமா?

நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், கே.ராஜசேகர் அமர்வு 2025 ஜூன் 3 அன்று அந்த விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. மக்களின் உடல்நலத்தைக் காக்க அரசுக்கு அந்த அதிகாரம் உண்டு என்றது. சரியான தீர்ப்பு. ஆனால், மூன்று மாதம்கூட அதற்கு ஆயுள் இல்லை. ஆகஸ்ட் 20 அன்று மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறி, 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு அத்தனைக்கும் ஒரேயடியாகத் தடை போட்டது. கடையே கூடாது என்றான பிறகு கடைக்கு ஏது மூடும் நேரம்?

தடை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் தடைக்குப் பிறகு என்ன என்பதில்தான். சூதாட்ட நிறுவனங்கள் ‘வாடிக்கையாளர் சேவை’ என்றும் ‘பொறுப்பான விளையாட்டு’ என்றும் சொல்லி வைத்திருந்த சில வசதிகள் தடையோடு சேர்ந்து மறைந்தன. அவை பெரும்பாலும் ஒப்புக்கு வைத்தவை. ஆனால், அவை இருந்த இடத்தில் இப்போது எதுவுமே இல்லை. ஆட்டத்தில் மாட்டிக்கொண்டவர் இரவு ஒரு மணிக்குக் கேட்கும் கேள்விக்குத் தமிழில் உடனே பதில் சொல்ல, அவருக்குத் தெரிந்து, இன்று காத்திருப்பது கடல் கடந்து இயங்கும் சட்டவிரோத சூதாட்டத் தளத்தின் ஆள்தான்.

ஒப்புக்கு வைத்தவை என்று ஏன் சொல்கிறேன்?

உலகம் முழுக்க இணைய சூதாட்ட நிறுவனங்களின் தளங்களில் ஒரு மூலையில் ‘பொறுப்புடன் விளையாடுங்கள்’ என்றொரு பக்கம் இருக்கும். நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பணம் போட மாட்டேன் என்று ஆடுபவரே வைத்துக்கொள்ளும் டெபாசிட் வரம்பு. இவ்வளவு நேரம் ஆகிவிட்டது என்று திரையில் எழும் நினைவூட்டல். ஒரு நாள், ஒரு வாரம் விலகி இருக்கும் இடைவேளை. ஆறு மாதமோ ஐந்து வருடமோ என்னை உள்ளே விடாதே என்று எழுதிக்கொடுக்கும் சுயவிலக்கு. பக்கத்திலேயே 24 மணி நேர அரட்டைப் பெட்டி. தமிழ்நாட்டின் 2025 விதிகளும் இவற்றில் சிலவற்றைக் கட்டாயமாக்கின: ஒரு மணி நேரம் தாண்டினால் எச்சரிக்கை, பிறகு அரை மணிக்கு ஒருமுறை எச்சரிக்கை, நாள், வார, மாதப் பண வரம்பு, ஆதார் வழியே வயதுச் சரிபார்ப்பு, இந்த விளையாட்டு அடிமைப்படுத்தும் இயல்புடையது என்ற வாசகம் நுழைவுப் பக்கத்திலேயே.

பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இவற்றில் பெரும்பாலானவை ஆடுபவரின் மன உறுதியை நம்பி நிற்பவை. சூதாட்டப் பழக்கம் ஒரு நோய் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது; 2022-இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பு, இணையத்தில் ஆடுவதைத் தனியாகவே குறிக்கிறது. ஆட்டத்தை எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது கைமீறிப்போவதுதான் அந்த நோயின் முதல் அடையாளம். கைமீறிப்போனவரிடமே ‘நீங்கள் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறீர்களா?’ என்று கேட்டு, ‘சரி’, ‘தொடர்க’ என்று இரண்டு பொத்தானைக் காட்டினால் அவர் எதைத் தொடுவார்? சாராயக் கடைக்காரர் கடையைப் பூட்டிச் சாவியைக் குடிகாரர் சட்டைப்பையில் போட்டுவிட்டு, பொறுப்போடு நடந்துகொண்டேன் என்று சொல்வதைப் போன்றது இது.

ஆவடியில் வாடகை வீடு, மாதம் 22 ஆயிரம் சம்பளம் என்று ஒருவரை நினைத்துக்கொள்வோம். சம்பள நாள் இரவு 500 ரூபாய் போட்டுத் தொடங்குகிறார். மூவாயிரம் வருகிறது. அது போகிறது. விட்டதைப் பிடிக்க ஐயாயிரம் போடுகிறார். ‘விட்டதைப் பிடிக்கிறது’ என்று நம் ஊரில் காலங்காலமாகச் சொல்கிறார்களே, மனநல மருத்துவர்கள் இந்த நோயைக் கண்டுகொள்ளத் தேடும் அறிகுறிகளில் அதுவும் ஒன்று. இந்த நேரத்தில் திரையில் எழும் எச்சரிக்கைச் செய்தி அவருக்கு ஓர் இடையூறு, அவ்வளவுதான். பேருந்தில் ‘புகைபிடிக்காதீர்’ பலகையைப் படிப்பதுபோல் படித்துக் கடந்துவிடுவார். பன்னிரண்டு மணிக்கு ஆட்டமே நின்றுபோனால்தான் போனைக் கீழே வைப்பார். இரவு நேரத் தடையை நிறுவனங்கள் அவ்வளவு கடுமையாக எதிர்த்ததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். மற்ற வசதிகள் எல்லாம் ஆடுபவரின் அனுமதியைக் கேட்டன. இது கேட்கவில்லை.

இனி வாடிக்கையாளர் சேவைக்கு வருவோம். அரட்டைப் பெட்டியில் ‘வணக்கம் சார், எப்படி உதவட்டும்?’ என்று கேட்பவர் கெட்டவர் அல்லர். அநேகமாக நம் வீட்டுப் பிள்ளை மாதிரி ஒருவர். இரவு வேலைக்கு வந்தவர். ஆனால், அவருடைய சம்பளம் எங்கிருந்து வருகிறது? பணம் போட்டவர்கள் தோற்பதில் இருந்து வருகிறது. கணக்கை மூட வேண்டும் என்று ஒருவர் வந்தால், அவரைத் தக்கவைப்பது சேவைப் பிரிவின் வேலையாகவே ஆகிவிடுகிறது. சிம் கார்டை வேறு கம்பெனிக்கு மாற்றக் கேட்டுப் பாருங்கள், உடனே ஒரு சலுகை வரும். அங்கே வருவது போனஸ்.

ஜெயித்த பணத்தை எடுக்கப்போகும்போது நடப்பது இன்னும் நுட்பமானது. போடும் பணம் நொடியில் போய்விடும். எடுக்கும் பணம் மட்டும் ‘பரிசீலனையில்’ நிற்கும். சில மணி நேரம், சில நாள். காத்திருக்கும் அந்த நேரத்தில் கோரிக்கையை ரத்து செய்து, அதே பணத்தை மறுபடி ஆட்டத்தில் இறக்க ஒரு பொத்தான் பக்கத்திலேயே இருக்கும். கணக்குத் துறையின் தாமதம்போலத் தெரியும் இது உண்மையில் ஒரு வலை. பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் இதைப் புரிந்துகொண்டு, எடுக்கக் கேட்ட பணத்தைத் திரும்ப ஆட்டத்தில் விட அனுமதிக்கும் அந்த வசதியை 2021-இல் தடைசெய்தது. ஸ்லாட் ஆட்டங்களில் தானாகவே ஓடும் வசதியையும், இரண்டரை நொடிக்கும் குறைவான இடைவெளியில் சுழற்றுவதையும், போட்டதைவிடக் குறைவாகக் கிடைத்தாலும் ஜெயித்ததுபோல மேளம் கொட்டுவதையும் அதோடு சேர்த்து நிறுத்தியது.

அத்தனை கட்டுப்பாடு உள்ள நாட்டிலும் நிறுவனங்களின் ‘அக்கறை’ எப்படி இருந்தது? 2023 மார்ச்சில் வில்லியம் ஹில் குழும நிறுவனங்கள் 1.92 கோடி பவுண்டு கட்டும்படி ஆயிற்று. புதிதாகக் கணக்குத் தொடங்கிய ஒருவரை எந்த விசாரிப்பும் இல்லாமல் 20 நிமிடத்தில் 23,000 பவுண்டு செலவழிக்க விட்டது அதில் பதிவான குறைகளில் ஒன்று. ஆணையம் கண்கொத்திப் பாம்பாக நிற்கும் பிரிட்டனிலேயே இதுதான் நிலைமை என்றால், யாருமே பார்க்காத இடத்தில்?

சூது என்று பேச்செடுத்தால் நம் மேடைப் பேச்சாளர்கள் தருமனை இழுக்காமல் விடுவதில்லை. நானும் இழுக்கிறேன், ஆனால், அவர்கள் சொல்லாத இடத்துக்காக. வியாசர் பாரதத்தில் சூது இரண்டு முறை நடக்கிறது. முதல் முறை தோற்ற அத்தனையும் திருதராஷ்டிரனின் வரத்தால் திரும்பக் கிடைத்துவிடுகிறது. நாடு, தம்பிமார், மனைவி எல்லாம். தேரேறிப் பாதி வழி போனவனைத் தூதன் ஒருவன் வந்து மறுபடி ஆடக் கூப்பிடுகிறான். தருமன் திரும்பி வருகிறான். தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்தேதான் வருகிறான். திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் இன்றும் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கிறது. அதைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு நோட்டிஃபிகேஷன் என்பது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ‘உங்களைப் பார்த்து ரொம்ப நாளாச்சு, 100 சதவீத போனஸ் காத்திருக்கிறது’ என்று போனுக்கு வரும் செய்தி அந்தத் தூதனேதான். ஆடுபவரை ஆட்டத்திலிருந்து பிரிப்பதைவிட, தூதனை அவரிடமிருந்து பிரிப்பது முக்கியம்.

கடை போனது, ஆள் போகவில்லை

2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டம் வந்ததும் ட்ரீம்11, எம்.பி.எல்., ரம்மி சர்க்கிள், ஜங்லி ரம்மி போன்றவை பண ஆட்டத்தை நிறுத்திக்கொண்டன. 45 கோடிப் பேர் ஆண்டுக்குச் சுமார் 20,000 கோடி ரூபாயை இப்படி இழக்கிறார்கள் என்று மத்திய அரசு மதிப்பிட்டது. ஆட்டம் நடத்தினால் மூன்றாண்டுச் சிறை, ஒரு கோடி அபராதம் வரை. விளம்பரம் செய்தால் இரண்டாண்டு, 50 லட்சம் வரை. பணப் பரிமாற்றத்துக்குத் துணைபோகும் வங்கிக்கும் தண்டனை. ஆடியவரை இந்தச் சட்டம் தண்டிக்கவில்லை. எதிர்த்துத் தொடுத்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் செப்டம்பரில் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்று அரை நூற்றாண்டாக நடந்த வழக்காடலுக்கு இந்தச் சட்டம் முற்றுப்புள்ளி வைக்கப் பார்க்கிறது. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று 1960-களிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கிண்டிக் குதிரைப் பந்தயம் தொடர்பான வழக்கில் 1996-இல் அதுவும் திறமைதான் என்றது. அதை வைத்தே 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் முதல் தடைச் சட்டம் விழுந்தது. நீதிபதி கே.சந்துரு குழுவின் பரிந்துரையோடு 2022-இல் வந்த இரண்டாவது சட்டம், ஆளுநர் மாளிகையில் மாதக்கணக்கில் கிடந்து, திருப்பி அனுப்பப்பட்டு, மீண்டும் நிறைவேறி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் பெற்றது. அந்த நவம்பரிலேயே ரம்மியையும் போக்கரையும் அதிலிருந்து உயர் நீதிமன்றம் விடுவித்தது. இந்த வழக்கு வரலாற்றில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. தோற்ற பணம் திறமையால் தோற்றதா, விதியால் தோற்றதா என்று வட்டிக்காரர் கேட்பதில்லை.

கேட்க வேண்டியது வேறு. முறையாகப் பதிவு செய்து, பெயர்ப்பலகை போட்டு, நீதிமன்றத்துக்கு வந்து வாதாடிய நிறுவனங்கள் சட்டத்துக்குப் பணிந்தன. பெயர்ப்பலகையே இல்லாதவை? கரீபியனிலோ சைப்ரஸிலோ பதிவு செய்துகொண்டு, முகவரியை மாற்றி மாற்றி வரும் கேசினோ தளங்கள் எப்போதும் இங்கே சட்டவிரோதம்தான். அவற்றை மத்திய அரசு நூற்றுக்கணக்கில் முடக்கியிருக்கிறது. 2023 பிப்ரவரியில் ஒரே மூச்சில் 138 சூதாட்டச் செயலிகளையும் 94 கடன் செயலிகளையும் முடக்கியது நினைவிருக்கலாம். ஆட்டமும் கடனும் ஒரே நாளில் ஒன்றாக முடக்கப்பட்டது தற்செயலாக இருக்கலாம்; ஆனால், அவை பலருடைய போனில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன.

முடக்கிய தளம் ஓர் எழுத்து மாறி மறுநாள் வரும். வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ஒரு எண்ணுக்கு ‘ஹாய்’ போட்டால் ‘ஐடி’ தருவார்கள். பணம் போட ஒரு யு.பி.ஐ. எண், அது யாரோ ஒருவர் கமிஷனுக்கு வாடகைக்கு விட்ட வங்கிக் கணக்கு. ஆதார் கேட்க மாட்டார்கள். வயது கேட்க மாட்டார்கள். ஒரு மணி நேர எச்சரிக்கை கிடையாது. 12 மணி மூடல் கிடையாது. எந்த மொழியில் கேட்டாலும் பதில் வரும், எந்த நேரத்தில் கேட்டாலும் வரும். பணம் போடும்வரை. பெரிய தொகை ஜெயித்து, எடுக்கக் கேட்டால் ‘வரி கட்டுங்கள், பிறகு தருகிறோம்’ என்று இன்னொரு எண்ணைத் தருவார்கள். பிறகு அந்த எண் எடுக்காது.

இப்படி நடந்துவிட்டால் அவர் எங்கே போவார்? 1930 என்று இணையக் குற்றத்துக்கு ஓர் எண் இருக்கிறது. சீக்கிரம் அழைத்தால் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. ஆனால், அழைக்க மாட்டார். தமிழ்நாட்டின் 2022 சட்டம் இணையச் சூதாட்டம் ஆடியவருக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று சொல்கிறது. மத்தியச் சட்டம் அவரைப் பாதிக்கப்பட்டவராகப் பார்க்கிறது, மாநிலச் சட்டம் குற்றவாளியாகப் பார்க்கிறது. ஷிப்ட் முடிந்து வருகிறவர் இரண்டு சட்டத்தையும் படித்திருக்க மாட்டார். போலீஸ் என்றால் வம்பு என்பது மட்டும் அவருக்குத் தெரியும். சட்டமன்றம் நினைத்தால் ஒரு திருத்தத்தில் இந்தப் பயத்தைப் போக்கலாம். உதவி கேட்டு வருகிறவர் மேல் வழக்கு இல்லை என்று காவல் ஆணையர் அறிவித்தாலும் பாதி வேலை முடியும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் 2022 ஜனவரியிலிருந்து ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ்தான் வருகின்றன. ஒரே அலுவலகம், ஒரே அறிவிப்பு.

லாட்டரியில் நாம் ஏற்கெனவே ஒருமுறை இந்த வழியில் போயிருக்கிறோம். 1968-இல் அரசே தொடங்கி நடத்திய லாட்டரியை 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு ஒழித்தது. ஏழை வீட்டு அடுப்பை எரியவிட்ட நல்ல முடிவு அது. ஆனால், லாட்டரிக்கு அடிமையானவர்களைத் தேடிப்போய் யாரும் பேசவில்லை. வெளிமாநிலச் சீட்டின் கடைசி எண்களை வைத்துத் துண்டுச்சீட்டில் நடக்கும் ‘மூணு நம்பர்’ ஆட்டம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. இருபது ஆண்டு கழித்தும் அதற்கான கைதுச் செய்திகள் நின்றபாடில்லை. தடை கடையை மூடும். பழகிப்போன மனசுக்கு வேறு ஆள் வர வேண்டும்.

சிங்கப்பூர் கொடுத்த சாவி

2010-இல் இரண்டு கேசினோக்களைத் திறந்த சிங்கப்பூர், கூடவே ஒரு காரியம் செய்தது. சொந்தக் குடிமக்கள் உள்ளே போக நாளொன்றுக்கு 100 வெள்ளி கட்டணம் வைத்தது. 2019-இல் அதை 150 ஆக்கியது. வெளிநாட்டினருக்கு இந்தக் கட்டணம் இல்லை. ‘எங்கள் ஆட்களுக்கு வேண்டாம், வந்தவர்கள் தோற்கட்டும்’ என்ற இந்தக் கணக்கில் அறம் எங்கே இருக்கிறது என்பது தனி விவாதம். எனக்கு முக்கியமாகப் படுவது அவர்களுடைய விலக்கு ஆணை. ஆடுபவரே கேட்டு விலகிக்கொள்ளலாம் என்பது எல்லா ஊரிலும் உள்ளது. சிங்கப்பூரில் குடும்பமும் கேட்கலாம். மனைவியோ பெற்றோரோ பிள்ளையோ சூதாட்டப் பிரச்சினைகளுக்கான தேசிய மன்றத்தில் விண்ணப்பித்தால், ஒரு குழு இரு தரப்பையும் விசாரித்து, உண்மையாகவே பாதிப்பு இருந்தால் அவரை உள்ளே விடக் கூடாது என்று ஆணை போடும். அரசின் பண உதவியில் வாழ்கிறவர்களுக்கும் திவாலானவர்களுக்கும் யாரும் கேட்காமலே கதவு அடைபட்டுவிடும்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஆணையைப் போடுவது கேசினோ அல்ல; அதன் சம்பளம் வாங்காத ஒரு குழு. சாவி ஆடுபவர் கையிலும் இல்லை; ஆட்டத்தால் அடிவாங்கும் வீட்டார் கையில் பாதி இருக்கிறது. பிரிட்டனின் ‘கேம்ஸ்டாப்’ இந்த அளவுக்குப் போகவில்லை. ஒரே பதிவில் உரிமம் பெற்ற அத்தனை தளங்களிலிருந்தும் விலகிக்கொள்ளும் வசதி அது; 2020 மார்ச் முதல் நிறுவனங்களுக்குக் கட்டாயம். ஆனால், ஆடுபவரே பதிவு செய்ய வேண்டும். அந்தப் பட்டியலில் சேராதவர்கள் நாங்கள் என்பதையே விளம்பரமாக்கி அவர்களை வளைக்கும் வெளிநாட்டுத் தளங்கள் அங்கேயும் முளைத்திருக்கின்றன.

இங்கே ஆட்டமே தடையான பிறகு எந்தக் கதவில் போய் விலக்கு ஆணையை ஒட்டுவது என்று கேட்கலாம். கதவு வங்கியில் இருக்கிறது. கள்ளத் தளமோ நல்ல தளமோ, பணம் பெரும்பாலும் வங்கிக் கணக்கிலிருந்துதான் போகிறது. அட்டையில் வெளிநாட்டுப் பரிமாற்றத்தையும் இணையப் பரிமாற்றத்தையும் வாடிக்கையாளரே அடைத்துவைக்கும் வசதியைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020-இலேயே வங்கிகளுக்கு உத்தரவிட்டது. அதே வசதியை யு.பி.ஐ.க்கு இன்னும் கெட்டியாகச் செய்ய முடியும். பகலில் தெளிந்த மனதோடு இருக்கும்போது ஒருவர் தன் கணக்கில் இரவு 12 முதல் 5 வரை பணம் போகாதபடி பூட்டலாம். நாளைக்கு ஆயிரம் ரூபாய்தான் என்று வரம்பு வைக்கலாம். பூட்டுவது உடனே நடக்க வேண்டும். திறப்பதற்கு மூன்று நாள் ஆக வேண்டும், அவர் குறிப்பிட்ட இன்னொருவரின் சம்மதமும் வேண்டும். வாடகைக் கணக்கைத் தேடிப்பிடிப்பது போலீஸ் வேலை, அதற்குக் காலம் பிடிக்கும். அனுப்புகிறவர் கணக்கைப் பூட்டுவது எளிது.

சிங்கப்பூர்போல் குடும்பமும் இந்தப் பூட்டைக் கேட்கலாம் என்று வைத்தால், கணவன் கணக்கில் மனைவி கைவைப்பதா, மனைவி கணக்கைக் கணவன் முடக்கினால் என்ன ஆவது என்ற கேள்விகள் நியாயமானவை. பெண்கள் சம்பாதிக்கும் காசை வீட்டு ஆண்கள் கட்டுப்படுத்த இது இன்னொரு கயிறாகிவிடக் கூடாது. அம்பத்தூர் எஸ்டேட் ஏற்றுமதித் தையலகங்களில் வேலை செய்யும் பெண்களிடம் கேட்டால் அந்தக் கயிறு எப்படி இருக்கும் என்று சொல்வார்கள். அதனால்தான் இங்கேயும் அப்படியொரு விசாரணைக் குழு வேண்டும் என்கிறேன். கணக்கு அறிக்கையைப் பார்த்தால் நள்ளிரவில் அறிமுகமில்லாத கணக்குகளுக்குப் போன பணம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். சந்தேகத்துக்குரிய விண்ணப்பத்தை அங்கேயே கிழித்துப் போடலாம்.

மருத்துவத்துக்கு வந்தால் நிலைமை இன்னும் மெலிவு. மனநல உதவிக்கான 14416 என்ற டெலி மானஸ் எண் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. தமிழில் பேசலாம், எந்த நேரத்திலும் பேசலாம், காசு இல்லை. மாநிலத்தின் 104 சுகாதார உதவி எண்ணும் உண்டு. கடன் கழுத்தை நெரித்து, வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்துவிட்ட யாரும் இந்த இரண்டில் ஒன்றைத் தயங்காமல் அழைக்கலாம். வீட்டார் அவருக்காக அழைக்கவும் செய்யலாம். ஆனால், இந்த எண்கள் எந்த ஷிப்ட் பஸ்ஸிலாவது எழுதப்பட்டிருக்கின்றனவா? தொழிற்பேட்டை கேன்டீனில்? டாஸ்மாக் வாசலில்கூட ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்று எழுதிவைத்த அரசு இது. சூதாட்டத் தளங்களோ தங்கள் வாட்ஸ்அப் எண்ணை நம் எல்லோருடைய போனுக்கும் கேட்காமலே அனுப்பிவைக்கின்றன.

தொலைபேசியில் பேசியபின் நேரில் பார்க்க வேண்டுமென்றால்? கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை வரை போக பட்டாபிராம்காரருக்கு ஒருநாள் சம்பளம் போகும். ‘கீழ்ப்பாக்கம்’ என்ற பெயரைக் கேட்டாலே அவர் வீட்டார் பதறுவார்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றிலும் அரசு மருத்துவமனை உண்டு. வாரத்தில் இரண்டு மாலை, ஷிப்ட் நேரத்துக்கு ஏற்ப, சூதாட்டப் பழக்கத்துக்கும் கடன் சிக்கலுக்கும் சேர்த்து ஒரு ஆலோசகர் அங்கே உட்கார்ந்தால் போதும். கடனைச் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆட்டத்தை விட்டவர் மறுபடி ஆடப் போவது பெரும்பாலும் கடனை அடைக்கத்தான். எந்தக் கடன் செயலி ரிசர்வ் வங்கி விதிகளுக்கு உட்பட்டது, எது மிரட்டிப் பிடுங்கும் கும்பல், கம்பெனியில் சம்பள முன்பணம் எப்படிக் கேட்பது, நகையை எந்தக் கூட்டுறவு வங்கியில் மீட்டு வைப்பது என்று சொல்லத் தெரிந்த ஆள் மனநல ஆலோசகர் பக்கத்தில் இருக்க வேண்டும். காவல் எல்லையில் ஒன்றாக இருக்கும் இந்த மூன்று ஊர்களும் மாவட்டக் கணக்கில் பிரிந்துகிடக்கின்றன. அம்பத்தூர் சென்னை மாவட்டத்தில், மற்ற இரண்டும் திருவள்ளூரில். கோப்பு நகராமலிருக்க இது ஒரு சாக்காகிவிடக் கூடாது.

இதை யார் நடத்துவது? தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையம் இருக்கிறது. பண ஆட்டத்தை ஒழுங்குபடுத்தவே விதிகள் வகுத்த அமைப்பு, பண ஆட்டமே தடைசெய்யப்பட்ட பிறகு என்ன செய்யப்போகிறது? அதன் அனுபவத்தை உதவி மேசையாகத் திருப்பலாம். குடும்பத்தார் விண்ணப்பங்களை வாங்குவது, வங்கிகளோடு பேசிக் கணக்கைப் பூட்டவைப்பது, ஏமாந்தவர் சார்பில் 1930-க்குப் புகார் பதிவது, மருத்துவமனைக்கு அனுப்புவது. நிறுவனங்களின் வாடிக்கையாளர் சேவை செய்யாமல் விட்டதை, யார் தோற்றாலும் லாபம் இல்லாத ஓர் அரசு மேசை செய்யும்.

பணம் இல்லை என்று சொல்ல வழியில்லை. 2023 அக்டோபர் 1 முதல் தடை வரும்வரை, இந்த ஆட்டங்களில் மக்கள் கட்டிய தொகை மீது 28 சதவீத ஜி.எஸ்.டி. வசூலானது. அதில் மாநிலத்துக்கும் பங்கு வந்தது. தோற்றவர்கள் பாக்கெட்டிலிருந்து வந்த பணம் அது. எவ்வளவு வந்தது, அதில் எவ்வளவு அவர்களுடைய சிகிச்சைக்குப் போகிறது என்று சுகாதாரத் துறை மானியக் கோரிக்கையின்போது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி சட்டமன்ற உறுப்பினர்கள் மூவரும் எழுந்து கேட்கலாம்.